பாப்பா போட்ட ரோடு

என் கண்ணான மகளுக்கு அப்பா எழுதறது. நான் இங்கே நல்லாத்தான் இருக்கேன், படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்குது, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை. நீ அங்கே உடம்பும் மனசும் சுகமா இருக்கியான்னு தெரியாமத்தான் எனக்கு இங்கே சோறு இறங்கலை. அன்னிக்கு நீ பாதிப் பேச்சுல போனை வெச்சதுக்கு அப்புறம் நானும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன், நீ எடுக்கலை. சரி, வேலையா இருப்பேன்னு முதல்ல நினைச்சேன், அப்புறம் நினைக்கறதை விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை மணல் அளவு மட்டும் வழக்கம்போல போன்ல அனுப்பறேன், நீயும் பாத்துடறே, நீல டிக் விழுது, பதில் மட்டும் இல்லை. அந்த நீல டிக்கைப் பாத்துத்தான் நீ எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுக்கறேன். போன்ல பேசினா எனக்கு வாய் முன்னாடி ஓடுது, புத்தி பின்னாடி வருது, அதனாலதான் பேனாவை எடுத்தேன். எழுதினா நடுவுல பிரேக் போட நேரம் கிடைக்குது. கையெழுத்து கோணலா இருந்தா கோவிச்சுக்காதே, ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு இவ்வளவுதான் வரும்.

வீட்டு விஷயம் சொல்றேன். மாடியில குடியிருக்கிற நர்ஸ் பொண்ணுக்கு மறுபடியும் ராத்திரி டூட்டி போட்டுட்டாங்க, பகல்ல தூங்கறா, அதனால நான் ரேடியோவைக் கூட சின்னதாத்தான் வெக்கறேன், செய்தி வாசிக்கிறவர் என் காதுல ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு. சமையக்கட்டுக் குழாய் சொட்டிக்கிட்டே இருந்தது, பிளம்பர் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாரு, கடைசியில நானே வாஷர் மாத்தினேன். மாத்தினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, அந்தச் சொட்டுச் சத்தமும் ஒரு துணையாத்தான் இருந்திருக்கு. ஒரு ஆளுக்குச் சமைக்கறது எனக்கு இன்னும் பிடிபடலை, எவ்வளவு கம்மியா அரிசி போட்டாலும் ரெண்டு வேளைக்கு வந்துடுது, உங்க அம்மா எந்த டம்ளர்ல அளந்தான்னு அவ இருக்கும்போதே கேட்டு வெச்சிருக்கணும். அத்தை வாரா வாரம் போன் பண்ணி இங்கேயே வந்து இருந்துடுன்னு சொல்றா. அவ வீட்டுல செருப்பை எந்தப் பக்கம் பாத்து விடணும்ங்கறதுக்குக் கூட சட்டம் இருக்கு, என்னால ஆகாதுன்னு சொல்லிட்டேன். உனக்கு என்ன குறைச்சல், தனியா ராஜா மாதிரி இருக்கேன்னு குத்திக் காட்டறா. ராஜாதான். சாயங்காலம் விளக்கைப் போட்டுட்டு ஹால்ல வந்து உக்காந்தா வீடே வெறிச்சுன்னு இருக்கு, டிவியில வர்ற ஆளு வணக்கம்னு சொன்னா நானும் வணக்கம்னு சொல்றேன். இதையெல்லாம் உன்கிட்டே போன்ல சொன்னதில்லை, சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஆனா இதைச் சொல்லாம அன்னிக்கு நான் பேசினது ஏன்னு உனக்குப் புரியாது.

நீ போன தடவை லீவுல வந்து நம்ம வாசல்ல ரோடு வளையற இடத்துல உன் ஆராய்ச்சிக்காக அந்த ரெண்டு கட்டம் போட்டியே, அதுல இருந்து ஆரம்பிக்கறேன். எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் இது என் பக்கத்துக் கதை, கேளு. நகராட்சி இன்ஜினியர் பின்னாடி நீ நடையா நடந்து அனுமதி வாங்கினது, ரோடு போடற ஆளுங்களோட தலையில துணியைச் சுத்திக்கிட்டு வெயில்ல நின்னது, முதல் கட்டத்துல சாதாரண ஜல்லி தார்க் கலவை, கொஞ்சம் தள்ளி ரெண்டாவது கட்டத்துல உருக்காலையில மிச்சமாகிற கசடை உடைச்சுப் போட்ட உன்னோட கலவை, ரெண்டும் நம்ம ஹால் அளவு, ரெண்டும் பஸ்ஸோட இடது சக்கரம் ஓடற இடத்துல. வண்டி ஓட ஓட ஜல்லி தேஞ்சு வழவழன்னு ஆகுது, மழையில பிரேக் போட்டா வழுக்குது, எந்தக் கலவை மெதுவாத் தேயுதுன்னு பாக்கணும்னு சொன்னே. அப்புறம் அந்தக் குட்டி டப்பாவையும் சன்ன மணலையும் ரப்பர் ஒட்டின வட்டக் கட்டையையும் என் கையில குடுத்து, வாரா வாரம் டப்பா தலைதட்டி மணலை ரோட்டுல கொட்டுங்க, கட்டையால சுத்திச் சுத்தித் தேச்சுப் பரத்துங்க, ரோடு சொரசொரப்பா இருந்தா மணல் பள்ளத்துல இறங்கிடும், வட்டம் சின்னதா நிக்கும், தேஞ்சு போச்சுன்னா மணல் இறங்க இடம் இல்லாம வட்டம் பெரிசாகும், குறுக்கே அளந்து போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு முட்டி போட்டுக் காட்டிக் குடுத்தே. நானும் ஒரு வாரம் கூட விடாம பண்ணினேன். ரோட்டுல உக்காந்து மணல்ல விளையாடற கிழவன்னு தெருப் பசங்க சிரிச்சுக்கிட்டுப் போவாங்க, போகட்டும்னு இருந்தேன்.

ஆனா அளக்கறதோட நான் நிறுத்தலை, அங்கேதான் வந்தது வினை. நீ விமானம் ஏறின மறுநாள் காலையில வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தேன், முதல் பஸ் வந்து உன் கட்டத்து மேல ஏறிச்சு பாரு, எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. வயசெல்லாம் பஸ் ஓட்டினவனுக்கு ரோடு எதுக்குன்னு தெரியாதான்னு கேப்பே. தெரியும். ஆனா அது எனக்கு ரோடாத் தெரியலை. நீ வந்துட்டுப் போனதுக்கு வீட்டுல அடையாளமே இல்லை, படுக்கையைக் கூட மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டே, வாசல்ல அந்தக் கருப்புக் கட்டம் ஒண்ணுதான் நீ போட்டது. டிப்போ பக்கம் போனப்போ பசங்ககிட்டே வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, தம்பிங்களா, வளைவுல ரெண்டாவதா இருக்கற கட்டம் நம்ம பாப்பா போட்டது, பாத்துப் போங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நம்ம டிப்போ ஆளுங்க மேல தப்பு சொல்லக் கூடாது, அத்தனை பேரும் மரியாதை தெரிஞ்சவங்க. முதல் கட்டத்து மேல ஏறி வருவாங்க, உன் கட்டம் வந்ததும் வேகத்தைக் குறைச்சு, பூப்போல நடு ரோட்டுப் பக்கம் ஒதுங்கி, என்னைப் பாத்துக் கையைத் தூக்கிட்டுப் போவாங்க. ஒருத்தன் ஜன்னல் வழியா பேப்பரை மடியில போட்டுட்டுப் போவான், ஒருத்தன் பாப்பா எப்ப வருதுன்னு கேட்டுட்டுப் போவான், பதில் சொல்றதுக்குள்ள வண்டி தாண்டிடும், அடுத்த டிரிப்புல சொல்லுவேன். ஒரு நாளைக்கு அத்தனை பேர் என் வாசல்ல வேகம் குறைச்சாங்க கண்ணு. உங்க அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குப் பொழுதுன்னு ஒண்ணு போனது அதுலதான்.

நீ அங்கே என்னடான்னா சாதாக் கட்டத்துல வட்டம் பெரிசாகிக்கிட்டே போகுது, என் கட்டத்துல அப்படியே நிக்குது, புரொபஸருக்கே ஆச்சரியம்னு குதிச்சே. இந்த மழை முடிஞ்சதும் ஆராய்ச்சியை எழுதி முடிச்சுட்டு வந்துடுவேன், இதை வெச்சு எல்லா ஊர் வளைவுலயும் போடலாம்னு சொன்னே. நான் உன் ரூம் ஃபேனை ரிப்பேர் பண்ணி, புது மெத்தை கூட வாங்கிப் போட்டுட்டேன். அப்புறம்தான் அந்த போட்டோ. கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்கப்பா, ரெண்டு கட்டமும் சேர்ந்து தெரியணும்னு கேட்டே, எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டே. டயர் தடம் ஏன்பா என் கட்டத்துக்கிட்டே வந்து வளைஞ்சு போகுதுன்னு கேட்டே. நான் பெருமையாச் சொன்னேன், எல்லாம் நம்ம பசங்க, உன் கட்டத்துல ஒரு சக்கரம் படவிடலைன்னு. அப்போ சக்கரமே படாமத்தான் அது தேயாம நின்னுதாப்பான்னு கேட்டே. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. அப்புறம் நீ மெதுவா, அந்த ஒதுங்கற நேரத்துல ஒரு ஸ்கூட்டர் நடுவுல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்பான்னு கேட்டே. நான் செஞ்சது அசட்டுத்தனம், அதுக்கு நீ என்னைத் திட்டவே இல்லை. அதுக்கு அப்புறம் நான் சொன்னதுதான் உன்னைச் சுட்டிருக்கு. விடும்மா, யாருக்குத் தெரியப் போகுது, தடம் தெரியாத மாதிரி வேற போட்டோ எடுத்துத் தர்றேன், எழுதி முடிச்சுட்டு வந்துடுன்னு சொன்னேன் பாரு. நீங்களாப்பா இதைச் சொல்றீங்கன்னு கேட்டுட்டு போனை வெச்சே.

நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னா, நீ வரணும். உன் படிப்பு, புரொபஸர், ஊர் வளைவு எதுவும் அந்த நேரத்துல என் மண்டையில இல்லை, திரும்பவும் முதல்ல இருந்து அளக்கணும்னா இன்னொரு மழைக்காலம் நீ வரமாட்டேங்கற கணக்கு மட்டும்தான் ஓடிச்சு. மெத்தை மேல இருந்த பிளாஸ்டிக் கவரைக் கூட அப்பத்தான் பிரிச்சு வெச்சிருந்தேன்.

அதுக்கு அப்புறம் நல்ல மழை பிடிச்சது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு இருந்தேன், வாசல்ல சர்ருனு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா உன் கட்டங்களுக்கு முன்னாடி, அந்தப் பழைய ரோட்டுல, ஒரு பொண்ணு ஸ்கூட்டரோட விழுந்து கிடக்கறா. உன் வயசுதான் இருக்கும். பயப்படாதே, முழங்கையில சிராய்ப்பு, கால்ல வீக்கம், அவ்வளவுதான். மாடி நர்ஸ் தூக்கத்துல இருந்து எழுந்து வந்து மருந்து போட்டா, நான் வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் பொண்ணு என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, என் தப்புத்தாங்க, பிரேக்கைச் சட்டுனு பிடிச்சுட்டேன், சாரிங்க, சாரிங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டே இருந்தா. நீ எதுக்கும்மா சாரி சொல்றே, எதிர்ல நாய் வந்ததான்னு கேட்டேன், இல்லைன்னா. வேகமா வந்தியான்னு கேட்டேன், இல்லைன்னா. அப்ப எனக்கு என்கூட பஸ் ஓட்டின நம்ம நத்தை ஞாபகம் வந்துட்டான். அவன் எவ்வளவு மெதுவா ஓட்டுவான்னு உனக்கே தெரியும், பயணிங்க இறங்கி நடந்தே போயிடறோம்னு கிண்டல் பண்ணுவாங்க. அவனும் இதே வளைவுல இதே மாதிரி மழையிலதான் வழுக்கிப் போய் சுவத்துல மோதினான். விசாரணையில அவன் வாயை மோந்து பாத்தாங்க, கண்ணை டெஸ்ட் பண்ணினாங்க, முந்தின ராத்திரி தூங்கினியா, வீட்டுல சண்டையான்னு கூடக் கேட்டாங்க. நான் அதை வீட்டுல வந்து சொல்லிப் புலம்பினப்போ நீ வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே, ரோட்டை யாரும் ஒண்ணும் கேக்கலையாப்பான்னு கேட்டே. உங்க அம்மா அப்படிச் சிரிச்சா. பெரியவளாகி இந்தப் படிப்புல சேரும்போது, நத்தை மாமாவை எல்லாரும் கேட்டாங்கல்ல, நான் ரோட்டைக் கேக்கப் போறேன்பான்னு சொல்லிட்டுத்தான் போனே. அந்த ரோடு பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது நான் போய் அதோட வாயைப் பொத்தியிருக்கேன். அந்தக் கணக்கை நம்பி ஊர் ஊரா வளைவுல உன் கலவையைப் போட்டுட்டா என்ன ஆகும். எல்லா ஊர்லயும் ஒரு அப்பன் வாசல்ல உக்காந்து, தம்பி கொஞ்சம் ஒதுங்கிப் போன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா. உன் கலவை நல்லதாவே இருக்கலாம். ஆனா அது நமக்கு இன்னும் தெரியாது, தெரியாததைத் தெரியும்னு நீ எழுதக்கூடாது.

மறுநாளே டிப்போவுக்குப் போனேன். ஷிஃப்ட் மாறற நேரம், எல்லாரும் இருந்தாங்க. நத்தை இப்போ டைம் ஆபீஸ்லதான் உக்காந்திருக்கான், முடி கொட்டிப் போச்சு, நிதானம் மட்டும் அப்படியே இருக்கு. தம்பிங்களா, இனிமே யாரும் ஒதுங்க வேண்டாம், நேரா அது மேலயே ஏத்துங்கன்னு சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, எனக்கும் உனக்கும் ஏதோ சண்டைன்னு நினைச்சுட்டாங்க போல. புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், பாப்பா போட்ட ரோடு மேல எப்படிண்ணே ஏத்தறது, மனசு வரலையேன்னு நெளிஞ்சான். நான் ஜல்லி, மணல், வட்டம்னு விளக்க ஆரம்பிச்சு நடுவுல நானே சிக்கிக்கிட்டேன். நத்தைதான் டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டு, டேய், அது தேஞ்சாத்தான்டா அவளுக்குப் பாஸுன்னு ஒரே வார்த்தையில முடிச்சான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வந்ததை டீ ஆவின்னு சொல்லிட்டேன்.

இப்போ பஸ்ஸெல்லாம் நேராத்தான் போகுது. சொன்ன சொல்லைக் காப்பாத்தறாங்க, ஒருத்தன் கூட ஒதுங்கறதில்லை. ஆனா அதுல நான் யோசிக்காத ஒண்ணு இருக்கு கண்ணு. ஒதுங்கினாத்தானே வேகம் குறையும், வேகம் குறைஞ்சாத்தானே கையைத் தூக்க நேரம் இருக்கும். இப்போ வந்த வேகத்துல போயிடறாங்க, அவங்களுக்கும் டைம் இருக்கில்ல, தப்பு சொல்ல முடியாது. நான் நாற்காலியில உக்காந்து கையைத் தூக்கறதுக்குள்ள வண்டி பின்பக்கம்தான் தெரியுது. பேப்பரை இப்போ நானே கடைக்கு நடந்து போய் வாங்கறேன். ரெண்டு மூணு நாள் கைக்கு வேலையில்லாத மாதிரி இருந்துச்சு, அப்புறம் நாற்காலியைத் துடைச்சு உள்ளே கொண்டு வந்துட்டேன், சாப்பாட்டு மேஜையில எனக்கு எதிர்ல போட்டிருக்கேன். எனக்குத் தனியாத்தான் இருக்கு, இல்லைன்னு உனக்குக் காது குத்த மாட்டேன். ஆனா அது என்னோட பாடு, அதைத் தூக்கி உன் ஆராய்ச்சிக்குள்ள கலக்கக்கூடாது.

அதனால அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். புரொபஸர்கிட்டே நடந்ததை நடந்தபடி சொல்லிடு. நீ இதுக்குள்ள சொல்லியிருப்பே, உன்னை எனக்குத் தெரியாதா, அந்தக் கோவத்துலதான் நீ பேசாம இருக்கேன்னு கூட நினைக்கறேன். யாரு இப்படிப் பண்ணினதுன்னு அவர் கேட்டா, எங்க அப்பா பண்ணினாருன்னு மூடி மறைக்காம சொல்லு, வேணும்னா நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். அவருக்கும் பிள்ளைங்க இருந்தா திட்டிட்டுச் சிரிச்சுடுவாரு. புதுசா அளக்கணும்னா இன்னைக்கே ஆரம்பிக்கலாம், ரெண்டு கட்டத்துல இருந்தும் கணக்கு அனுப்ப நான் தயார். இன்னொரு மழைக்காலம் ஆனாலும் ஆகட்டும், உன் கலவை நின்னா நின்னதுன்னு எழுது, நிக்கலைன்னா நிக்கலைன்னு எழுது. மெத்தைக்கு மறுபடியும் கவர் போட்டுட்டேன், அது எங்கேயும் போயிடாது.

உடம்பைப் பாத்துக்கோ. கல் உடைக்கிற மெஷின் பக்கம் போகும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ, போன தடவை நீ அனுப்பின போட்டோவுல அது தலை மேல ஏறி உக்காந்திருந்துச்சு. நேரத்துக்குச் சாப்பிடு, காபியை மட்டும் குடிச்சுட்டுச் சாப்பிட்டேன்னு சொல்லாதே. ரோடு தாண்டும்போது போனைப் பாக்காதே, ரோட்டைப் படிக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாம இருக்கவும் முடியலை. உங்க அம்மா உன் பக்கத்துலயே இருந்து பாத்துக்குவா. எடுத்த காரியம் நேர்மையா முடிஞ்சு நீ நல்ல பேரோட, நீண்ட ஆயுளோட இருக்கணும்னு வாழ்த்தறேன். கோவம் ஆறினா ஒரு தடவை கூப்பிடு, பேச வேண்டாம், அப்பான்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பேசிக்கறேன்.

இந்த ஞாயித்துக்கிழமை அளந்தேன். உன் கட்டத்துல மணல் வட்டம் முதல் தடவையா கொஞ்சம் பெரிசாயிருக்கு, ஒரு நூல்தான், ஆனாலும் தெரியுது. முன்னாடி ஒவ்வொரு பஸ் வரும்போதும் அது தேஞ்சுடுமோன்னு பதறுவேன். இப்போ ஜன்னல் பக்கம் உக்காந்து ஒவ்வொரு வண்டியும் அது மேல ஏறிப் போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது தேயத் தேய நீ கிட்டே வந்துக்கிட்டு இருக்கே.

இப்படிக்கு,
கட்டத்துக்குக் காவல் இருந்த வேலையை விட்டுட்ட
உன் அப்பா